புழுங்கலரிசியும் பால்மரமும்: வேதியியல் யாருக்காக அளக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களில் இலை விரித்ததும் காதில் விழும் கேள்வி, வெள்ளைச் சோறா புழுங்கல் சோறா என்பது. இன்று அதற்கு விடை சொல்வது நாக்கு. சில வேளைகளில் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சொன்ன பத்தியம். 1900களின் தொடக்கத்தில் இதே கோலாலம்பூரில் அது உயிர் பிழைப்பதா சாவதா என்ற கேள்வியாக இருந்தது. ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியை நாள்தோறும் உண்ட வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களும் சிறைக் கைதிகளும் மனநோய் விடுதிவாசிகளும் பெரிபெரி என்னும் நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். அதே காலத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தோட்டப் பாட்டாளிகளை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போயின. பெரிபெரி மட்டும் அவர்களை அரிதாகவே தொட்டது. வேதியியல் ஒரு சமூகத்துக்கு எந்த வகையில் பயன்படுகிறது என்ற பெரிய கேள்வியை இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். வேதியியல் செய்து தரும் பொருள்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அது செய்து தரும் அளவுகோல்கள்தாம் எளியவர்களுக்கு அவற்றைவிடப் பெரிய காவல் என்பது என் வாதம். அந்த அளவுகோலை யார் கையிலெடுக்கிறார், யாருடைய நலனை அதனால் அளக்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தக் காவல் அவர்களுக்குக் கிடைக்கிறது.

இன்றும் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. பெரிபெரி அதன் முதற்பெரும் வேலைகளில் ஒன்று. முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது ஒருவகைக் கிருமியால் வரும் நோய், இடத்தில் தங்கியிருந்து தொற்றுவது என்று முடிவு கட்டினார். பாஸ்டர், காக் இருவரும் கிருமிகளைக் கண்டு காட்டியிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் வேறு திசையில் பார்த்தார். சீனர், தமிழர், மலாய்க்காரர் என மூன்று இனத்தாரும் ஒரே வட்டாரத்தில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்கிறார்கள். சீனத் தொழிலாளரை மட்டும் நோய் இப்படித் தாக்குவானேன்? மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அவ்வப்போது குத்திச் சமைத்தனர். தமிழர் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசியை உண்டனர். சீனர் உண்டதோ சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த, ஆலையில் நன்கு தீட்டப்பட்டுக் கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த வெள்ளரிசி. அந்த அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உருவாகிறது என்று பிராடன் கருதினார். 1907இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். காரணம் தவறு. அரிசியைச் சுட்டிய விரல் மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

அந்தச் சந்தேகத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905இல் நகரின் மனநோய் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அரிசிதான் காரணம் என்பதை ஃபிளெட்சர் நம்பவில்லை. மறுக்கும் எண்ணத்தோடுதான் தொடங்கினார். விடுதிவாசிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்காரர்களை இன்னொரு பிரிவாகவும் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. பிற உணவு இரண்டு பிரிவுக்கும் ஒன்றே. கட்டடத்தில் நோய் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, இடையில் இரு பிரிவினரின் இருப்பிடங்களையும் மாற்றினார். ஏறத்தாழ ஓராண்டு முடிவில், வெள்ளரிசி உண்ட 120 பேரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரை நோய் தாக்கியிருந்தது. 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் காணப்பட்டவர் இருவர் மட்டுமே, அவர்களும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். தன் நம்பிக்கைக்கு எதிராக வந்த முடிவை ஃபிளெட்சர் மறைக்காமல் 1907இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃப்ரேசரும் தாமஸ் ஸ்டான்டனும். நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் புதிதாகச் சாலை போடச் சென்ற 300 ஜாவானியத் தொழிலாளர்களை அவர்கள் இரு பிரிவாக்கினர். அதற்கு முன் மனிதர் குடியிருந்திராத காடு என்பதால் இடத்தில் தங்கிய தொற்று என்ற பேச்சுக்கே வழியில்லை. வெள்ளரிசிப் பிரிவில் மூன்று மாத அளவில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் பரவல் நின்றது. பிறகு அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினர். இந்தக் கட்டம்தான் வேதியியலாளருக்கு மிக முக்கியமானது. நெல்லைத் தீட்டும்போது உதிரும் தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தால் நோயைத் தடுக்கும் பொருள் அந்தச் சாராயத்தில் இறங்கிவிடுகிறது என்று கோழிகளை வைத்துக் காட்டினர். பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் எய்க்மேன் 1890களில் கோழிகளிடம் கண்ட நரம்பு நோயின் தொடர்ச்சி இது. அந்தப் பொருள் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயினும் அரிசியில் உள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்த அரிசியை நம்பி ஒருவர் வாழ முடியாது என்று ஓர் எல்லைக்கோட்டை அவர்களால் போட முடிந்தது. நோயைத் தடுப்பது பாஸ்பரஸ் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். தவிட்டோடு சேர்ந்து காணாமற்போகும் அறியாத பொருளுக்கு, அதனோடு சேர்ந்தே குறையும், எளிதில் அளக்கக்கூடிய ஒரு பொருளை அடையாளமாக்கினார்கள்.

இந்தச் செயலின் பெருமையை நாம் போதிய அளவு பேசியதில்லை. தையமின் என்று இன்று பெயர் சொல்லும் வைட்டமின் பி1, பத்தாவியாவில் 1926இல்தான் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல்தான் அதன் கட்டமைப்பு தெளிவாகிச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, எந்த மூட்டை அரிசி ஆளைக் கொல்லும், எது காக்கும் என்று ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையையும் தராசையும் கொண்டு சொல்ல முடிந்தது. அதுவரை அரிசியின் தரத்தைச் சொன்னவர் வியாபாரி. அவருடைய சான்று வெண்மை. வெள்ளையாக இருக்கும் அரிசி உயர்ந்தது, விலை கூடியது. கண்ணுக்கு உயர்வாகத் தெரிந்ததே உயிருக்கு உலை வைத்தது என்பதை வெளிப்படுத்த, கண்ணைச் சாராத ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அந்த அளவுகோலுக்கு முன் வியாபாரியின் சொல்லும் தொழிலாளியின் சொல்லும் சமம். அறிவியலின் சமூகப் பயன் என்று நான் சொல்வது முதன்மையாக இதைத்தான்.

இதற்கு மறுப்பாக நம்மவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. புழுங்கலரிசியைக் கண்டுபிடித்தவர் வெள்ளைக்காரரா? நம் பாட்டிமார் நெல் அவித்தபோது இந்த அறிவு ஏற்கெனவே இருந்ததுதானே? மறுப்பில் உண்மை இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேலுறையிலும் முளையிலும் இருக்கும் தையமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே நகர்கிறது. மணி இறுகுவதால் தீட்டும்போது இழப்பும் குறைகிறது. தவிட்டோடு கூடிய 100 கிராம் அரிசியில் சுமார் 0.4 மில்லிகிராம் தையமின் உண்டு என்றால், நன்கு தீட்டிய பச்சரிசியில் 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. தீட்டிய புழுங்கலரிசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த நுட்பத்தை வழக்கமாகக் கொண்டிருந்த சமூகம் அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் நெல் அவித்தவர்கள் பெரிபெரியைத் தடுப்பதற்காக அவிக்கவில்லை. அரிசி நொறுங்காமல் இருக்க, கெடாமல் இருக்க, சோறு பதமாக வர அவித்தார்கள். காரணம் தெரியாத பழக்கத்தை அடுத்த வீட்டாருக்குக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசியை உண்ட மக்களிடையே 1940களிலும் பெரிபெரி நீடித்தது. சில நூறு கல் தெற்கே இருந்த பழக்கம் அவர்களைக் காக்க வரவில்லை. புழுங்கல் வாடை பிடிக்காத சீனச் சுரங்கத் தொழிலாளிக்கு, அந்த அரிசி வேண்டாமென்றால் தவிட்டையோ பயற்றையோ சேர்த்துக்கொள் என்று சொல்லக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஃபிளெட்சரின் 18 பேர் யார்? மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடந்தவர்கள், சம்மதம் கேட்கப்படாதவர்கள், பெரும்பாலும் உறவினர் அருகில் இல்லாத ஏழைகள். சாலை போட்ட ஜாவானியருக்கும் அந்தச் சோதனையில் சேராமல் விலகும் உரிமை இருந்ததாகக் கருத இடமில்லை. ஆய்வுக்கு உட்படுத்தப்படும் மனிதரின் சம்மதம் கட்டாயம் என்ற விதி 1947இல் நூரம்பர்க் தீர்ப்போடுதான் உலகத்தின் முன் எழுத்தில் வந்தது. அன்றைய வழக்கம் அப்படி என்று சொல்லி இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. விடுதி அதிகாரிகள் எப்படியும் ஏதோ ஓர் அரிசியைத்தான் போட்டிருப்பார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஆண்டின் நடுவிலேயே இரு பிரிவுக்கும் உள்ள வேறுபாடு கண்ணெதிரே தெரிந்துகொண்டிருந்தபோது சோதனையைத் தொடர்ந்தது குற்றம். பிற்காலத்தில் லட்சக்கணக்கானோர் பிழைத்தார்கள் என்பதால் அந்தக் குற்றம் அழியாது. பயனைப் பேசுகிறவர்கள் அதன் விலையைச் செலுத்தியவர்களையும் சேர்த்தே பேசவேண்டும்.

அளவுகோல் கிடைத்த பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. அரசு தன் கையில் வைத்திருந்த சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் புழுங்கலரிசி போடப்பட்டது. அங்கே பெரிபெரி ஒடுங்கியது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஏற்றது. வெளிச்சந்தையில் கதை வேறு. வெள்ளரிசி ஆலைகள் ஓடின. வாங்குகிறவர் வெண்மையையே விரும்பினார். நோய் மெதுவாகத்தான் விலகியது. தையமினைச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் இந்த இடைவெளியைப் புரிந்துகொண்ட வேதியியலாளர். 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். மணிலாவில் பணியாற்றியபோது 1910இல் தவிட்டு வடிநீரில் தொடங்கிய தேடலை அமெரிக்காவில் 1936இல் முடித்தார். காப்புரிமை வருவாயில் பெரும்பகுதியை உணவுக் குறைபாட்டு நோய்களை ஒழிக்கும் நிதியாக்கினார். அந்த நிதி பிலிப்பீன்சின் பட்டான் பகுதியில் வைட்டமின் சேர்த்த அரிசியைப் பரப்ப உதவியது. கண்டுபிடிப்பு ஆய்வுக்கூடத்தில் முடிந்துவிடாது, சோற்றுப் பானைவரை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேதியியலாளரின் வேலைதான் என்று அவர் நடந்து காட்டினார்.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் இரண்டாவது பெரிய வேதியியல் கதை ரப்பர். அதன் நாயகர் பி. சி. சேகர், 1929இல் சுங்கை பூலோவின் ஒரு தோட்டத்தில் பிறந்த கேரள வம்சாவளியினர். 1925இல் சட்டம் வழி நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலாளராகச் சேர்ந்து, 1966இல் அதன் முதல் ஆசிய இயக்குநரானார். 1973இல் மக்சேசே விருது பெற்றார். அவர் வளர்ந்து வந்த காலத்தில் இயற்கை ரப்பர் தோற்கும் நிலையில் இருந்தது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் ஒவ்வொரு கட்டியும் ஒரே குணத்தோடு, தர அறிக்கையோடு வந்தது. மலாயாவின் ரப்பரோ புகையிட்ட தகடாகப் பெரிய பொதியில் கட்டப்பட்டு, கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டது. அரிசியைப் போலவே இங்கும் கண்தான் நீதிபதி. 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தர ரப்பர் திட்டம் அதை மாற்றியது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, ஆவியாகும் பொருள் எவ்வளவு என்று எண்ணால் சொன்னது. தொடக்கத்தில் எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு 0.20 விழுக்காட்டைத் தாண்டாது என்று பொருள். பெயரே சான்றிதழாக இருந்தது. சிறிதளவு ஆமணக்கு எண்ணெய் சேர்த்து உருளைகளுக்கிடையே பிழிந்தால் உறைந்த பால் தூளாக உதிரும் என்ற ஹெவியாகிரம்ப் முறையும், கிடங்கில் ரப்பர் இறுகிப்போகாமல் ஹைட்ராக்சிலமைனால் தடுக்கும் முறையும் சேகரின் பெயரோடு இணைந்தவை. ரப்பர் மூலக்கூற்றுச் சங்கிலியில் அங்கங்கே ஒட்டியிருக்கும் ஆல்டிஹைடு தொகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே இறுகலுக்குக் காரணம் என்று கண்டு, அவற்றை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். செயற்கை ரப்பரின் அலைக்கு முன் இயற்கை ரப்பர் நின்று பிடித்ததற்கு இந்த வேதியியலே முதற்காரணம் என்பது என் மதிப்பீடு.

பால்மரம் சீவியவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது? விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போய் மரம் சீவி, பால் சுமந்து, ஒட்டுப்பால் பொறுக்கிய தமிழ்ப் பாட்டாளியின் வாழ்க்கையை எஸ்.எம்.ஆர். நேரடியாக உயர்த்தவில்லை. சிறுதோட்டக்காரர் ஓரளவு பயன் கண்டனர். அவர்களுடைய பாலை வாங்கித் தரமான ரப்பராக்கப் பொது ஆலைகள் வந்தன. பெருந்தோட்டத் தொழிலாளியோ அன்றாடச் சம்பளத்திலேயே இருந்தார். மாதச் சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் போராடவேண்டியிருந்தது. சேகர் பிறந்த சுங்கை பூலோவில் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாக இருந்த ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்னும் புறநகர். இதைக் காட்டி அறிவியல் முதலாளிக்கே உழைத்தது என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் அந்த முடிவுக்குப் போகமாட்டேன். இயற்கை ரப்பர் 1960களிலேயே வீழ்ந்திருந்தால் தொழிலாளியின் கூலி உயர்ந்திருக்காது, வேலையே போயிருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: அந்த அளவுகோல் டயர் தொழிற்சாலைக்காரரின் தேவையை அளந்தது. மரத்தடியில் நின்றவரின் உழைப்பையோ உடல்நலத்தையோ அளக்க அது வடிவமைக்கப்படவில்லை. அளக்கும்படி கேட்கும் வலிமையும் அவருக்கு இல்லை.

அதே தோட்டங்களில் அளக்காமல் விடப்பட்டதற்குப் பாராகுவாட் சான்று. 1960களில் சந்தைக்கு வந்த இந்தக் களைக்கொல்லி மலிவானது, வேகமானது. உடலுக்குள் போனால் நுரையீரலைச் சிதைப்பது, முறிமருந்து இல்லாதது. மருந்தடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தனர், அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். கோலாலம்பூரில் ஐரீன் பெர்னாண்டஸ் நிறுவிய தெனகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பெண்களின் உடல்நலக் கேடுகளைப் பதிவு செய்தது. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 சனவரி முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. கையுறையும் முகமூடியும் அணிந்தால் ஆபத்தில்லை என்பது தயாரிப்பாளர் தரப்பு வாதம். மதிய வெயிலில், முதுகில் கலனைச் சுமந்து, செம்பனை வரிசைகளுக்கிடையே பல மணிநேரம் நடக்கிறவர் அந்தக் கவசத்தோடு மூச்சு விட முடியுமா என்று எந்த ஆய்வுக்கூட எலியும் சொல்லாது. களத்துக்குப் போய் அந்தப் பெண்களின் தோலிலும் இரத்தத்திலும் அளந்திருக்கவேண்டும். வேதியியல் கேடும் செய்கிறதே என்பவர்களுக்கு என் பதில் இது: கேட்டைச் செய்த பொருளும் வேதியியலிலிருந்து வந்தது, கேட்டை நிரூபிக்கும் கருவியும் அதிலிருந்துதான் வரவேண்டும். கருவியைத் தொழிலாளியின் பக்கம் திருப்ப யாரும் சம்பளம் கொடுக்காதபோதுதான் பதினெட்டு ஆண்டுகள் இப்படிக் கழிகின்றன.

யாருக்காக அளப்பது என்ற அதே கேள்வி இன்று குடிநீரிலும் எழுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் நீர் இணைப்புகள் வறண்டன. நிலையத்தை மூடச் சொன்ன அளவுகோல் மனித மூக்கு. நாற்றமற்ற நீரைக் கலந்துகொண்டே போய் எத்தனை மடங்கில் நாற்றம் மறைகிறது என்று கணக்கிடும் முறை அது. அவசரத்துக்கு நல்ல முறை. எந்தச் சேர்மம், எவ்வளவு, எங்கிருந்து என்று சொல்ல நிறப்பகுப்பாய்வும் நிறைமாலை அளவியும் வேண்டும். அந்தக் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 1975ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டம், பகுப்பாய்வு அறிக்கையில் பதிவு பெற்ற வேதியியலாளரின் கையெழுத்தைக் கோருகிறது. 2024இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் சட்டம் தண்டத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறது. குறை அறிவிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. நீர் நின்ற வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் செய்தி பெரும்பாலும் "துர்நாற்றம்" என்ற ஒரு சொல்லோடு முடிகிறது. பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காடு என்று நூறாண்டுக்கு முன் ஒரு காலனியாட்சி ஆய்வுக்கூடத்தால் அச்சிட்டுச் சொல்ல முடிந்தது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் ஆற்றில் கண்டதை எண்ணோடு, நாளோடு, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடவேண்டும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் குடியிருப்பாளர் சங்கங்கள் அடுத்த நீர்த்தடையின்போது லாரித் தண்ணீரோடு சேர்த்து அந்த அறிக்கையையும் எழுத்தில் கேட்கட்டும்.